நந்தியாவட்டை வைத்த கண்

நாறும்பூநாதன் அண்ணாச்சிக்குப் பாராட்டு விழா என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் குமரகுருபரன். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு வங்கியில் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கலை ரசிகர் மன்றத்துச் செயலாளர். அம்பாசமுத்திரம் வரைக்கும் பஸ்ஸில் வந்து, ஞானம்பாள் டீச்சர் வீட்டு நடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மிகுந்த மரியாதையோடு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"சினிமாவுக்கு நூறு வருசம் ஆவுதுல்லா டீச்சர். ஊமைப்படத்துல நடிச்சவியள்ல நம்ம பக்கத்துல உசிரோட இருக்கது அண்ணாச்சி ஒருத்தவியதான். அவியளோட சேந்து நடிச்சவிய உங்க அம்மா. அவியளுக்கும் ஒரு மரியாத செய்யணும்னு எங்களுக்கு ஆசை. அம்மா சார்பா நீங்க மேடைக்கு வரணும்."

"அண்ணாச்சி பேசுவாவளோ?"

"அவிய பேச்சக் கேக்கத்தான கூட்டமே வருது! மெட்ராஸ்ல அந்தக் காலத்து நட்சத்திரங்க எல்லாம் ராத்திரியானா..." என்று உற்சாகமாக ஆரம்பித்தவர், தான் யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்து, பக்கத்திலிருந்த செம்பை எடுத்துத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார்.

அவர் விழுங்கிய கதை தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் தெரியாத ஆள் கிடையாது. கல்லிடைக்குறிச்சிக் கடைத்தெருக் காப்பிக் கிளப்பில் அறுபது வருஷமாக அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருக்கும் கதை அது. கீழ்ப்பாக்கத்தில் படக் கம்பெனி முதலாளியின் பங்களா. இருட்டிவிட்டால் வரிசையாக மோட்டார் வண்டிகள் வந்து நிற்கும். ஜமீந்தார்கள், வெள்ளைக்காரத் துரைகள், கிராமபோன் பாட்டு, பிராந்தி. கதாநாயகர் அண்ணாச்சி பட்டுக் கோட்டுப் போட்டுக்கொண்டு நடுநாயகமாக நிற்பார். கதாநாயகி சித்ரலேகா சலங்கையைக் கட்டிக்கொண்டு மேசை மேல் ஏறி, கண்ணாடித் தம்ளர்களுக்கு நடுவே ஆடுவாள். ஒரு தம்ளர் சாயாது. ஞானம்பாள் கேள்விப்பட்ட வரைக்கும் அந்த மேசையே வளர்ந்துகொண்டு வந்தது. முதலில் வட்ட மேசை, பிறகு சாப்பாட்டு மேசை, கடைசியாகப் பில்லியர்ட்ஸ் மேசை. ஆடினவள் மட்டும் மாறவே இல்லை.

அந்தச் சித்ரலேகா ஞானம்பாளின் அம்மா. கம்பெனி வைத்த பெயர் அது. வீட்டில் ஆவுடையம்மாள். மூன்று படத்தில் நடித்தாள். திருநெல்வேலிக் கொட்டகையில் அதில் ஒரு படத்தைப் பார்த்த தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் மெட்ராஸுக்கே போய், பெண் கேட்டுக் கல்யாணம் செய்துகொண்டு வந்தார். சொந்தபந்தம் எல்லாம் அவரைத் தலைமுழுகிவிட்டது. அவர் அதைத் தூசியாகத் தட்டிவிட்டார். ஊர் பேசுவதற்கெல்லாம் அஞ்சாத அந்த மனிதரையும் ஒரு கதை வீழ்த்திவிட்டது. ஞானம்பாள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் அலுவலாகக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனவர், காப்பிக் கிளப்பில் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்ததும் கட்டிலைத் தூக்கி முன்னறையில் போட்டார். சாகிறவரை அது அங்கேதான் கிடந்தது.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ஞானம்பாளுக்குத் தாளவில்லை. பொய் என்றால் பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? வாயில் என்ன கொழுக்கட்டையா? அம்மாவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருந்தன. அதைக் காட்டி ஊர் இன்னும் நாலு கதை கட்டியது. குடித்த கண், ராத்திரி விழித்த கண் என்றார்கள். அப்போதும் அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்வந்தாள்.

ஞானம்பாளுக்கு ஒரு வரன் பாளையங்கோட்டையிலிருந்து வந்து, வெற்றிலை பாக்கு மாற்றுகிற அளவுக்குக் கனிந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குக் கல்லிடைக்குறிச்சிக் காப்பி ரொம்பப் பிடிக்கும் போல. வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஞானம்பாள் யார் முன்னாலும் பூ வைத்துக்கொண்டு வந்து நிற்கவில்லை. கணக்கு வாத்தியாராக வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டாள். அம்மா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பங்களா இடிந்திருக்கும், படம் எரிந்திருக்கும், மேசை மட்டும் நிற்கிறது.

குமரகுருபரனிடம், வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். அவளுக்கு வேண்டியது சால்வை அல்ல. அந்த மனிதர் சாகிறதுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலேயே பாலத்தைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனாள். அண்ணாச்சி வீட்டு முற்றத்தில் வேட்டி விரித்து மருமகள் அப்பளம் காயப் போட்டிருந்தாள். காதல் காட்சிகளின் கதாநாயகர் கையில் கம்போடு பிரம்பு மோடாவில் உட்கார்ந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். எண்பத்தேழு வயது. மூக்கு மட்டும் இன்னும் எடுப்பாக இருந்தது.

"ஆரு?"

"அம்பாசமுத்திரத்துலேருந்து வாரேன். சித்ரலேகா மக."

தூக்கிய கம்பு அப்படியே நின்றது. காக்கை ஒன்று ஒரு அப்பளத்தைக் கொத்திக்கொண்டு போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "எங்கம்மா மேசை மேல ஏறி ஆடுனத நீங்க பாத்தியளா?"

"பாக்கல" என்றார் அவர்.

இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. சண்டைக்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளுக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

"ஆடுனாத்தான பாக்கதுக்கு" என்றார் அவர், அப்பளத்தைப் பார்த்தபடி. "அந்தப் பங்களாவுக்குள்ள உங்கம்மையும் போனதில்ல, நானும் போனதில்ல. அங்கன கூத்து நடந்தது நெசந்தான். மொதலாளி, பணம் போட்ட ஜமீந்தாரு, துரைமாரு, பம்பாய்லேருந்து வந்த ரெண்டு நடிகைய, அவ்வளவுதான் உள்ள போவாவ. நாங்கள்லாம் மாசச் சம்பளக்காரங்க. ஒருநா இரவல் கோட்ட மாட்டிக்கிட்டுப் போய் கேட்டுல நின்னேன். காவக்காரன் ஆருன்னு கேட்டான். ஹீரோன்னேன். சோலி இருந்தா காலைல வான்னுட்டான்."

"அப்பம் ராத்திரியெல்லாம் என்ன செஞ்சிய?"

"என்ன செய்ய? கண்ணு தெரிஞ்சாத்தான எதையும் செய்யதுக்கு." அவர் சிரிக்க முயன்றார். "அப்பம்லாம் படம் பிடிக்கதுக்கு வெளக்கு ஏது? வெயில்லதான் பிடிப்பாவ. போதாததுக்கு நாலு பக்கமும் நெலக்கண்ணாடிய வச்சு வெயிலத் திருப்பி மூஞ்சில அடிப்பாவ. சிமிட்டினா ஏச்சு விழும். பொழுது சாஞ்சா கண்ணு ரெண்டும் கங்கு மாதிரி எரியும். கம்பெனி வீட்டுக் கூடத்துல நடுவுல ஒரு சேலைய இழுத்துத் திரையாக் கட்டி, அங்கிட்டுப் பொம்பளைய, இங்கிட்டு ஆம்பளைய. ஈரத்துணில நந்தியாவட்டப் பூவ வச்சுக் கண்ணக் கட்டிக்கிட்டு, சுருண்டு படுத்துருவோம். நட்சத்திரமாம் நட்சத்திரம். ராத்திரியானா அம்புட்டுப் பேரும் குருடு."

ஞானம்பாள் அந்த முற்றத்து விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வீட்டுக் கொல்லையில் நந்தியாவட்டைச் செடி இருக்கிறது. அம்மா வைத்தது. விளக்கு வைத்ததும் நாலு பூவைத் தண்ணீரில் போட்டு எடுத்து, மல்லாந்து படுத்துக் கண் மேல் வைத்துக்கொள்வாள். சின்னப் பிள்ளையில் அந்தப் பூவை எடுத்து வைத்ததே ஞானம்பாள்தான். ஏன்மா என்று கேட்டால் 'வெயிலு' என்பாள் அம்மா. ராத்திரியில் ஏது வெயில்? அம்மா ஏதோ மழுப்புகிறாள் என்றுதான் அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். அம்மாவின் கண் சிவந்தது எதனால் என்று இப்போது தெரிந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. அதே மூச்சில், எதிரே உட்கார்ந்திருந்த கிழவரின் கையிலிருக்கும் கம்பைப் பிடுங்கி நாலு சாத்துச் சாத்தலாமா என்றும் வந்தது.

"பெறகு ஏன் அப்பிடிச் சொன்னிய?"

"பேசுற படம் வந்துது. என் கொரலக் கேட்டுட்டு மொதலாளி ஊருக்குப் போங்கன்னுட்டாரு. இங்க வந்தா எல்லாப் பயலும் கேக்கது ஒண்ணே ஒண்ணு. ராத்திரி என்ன நடக்கும்? மொதல்ல உள்ளதச் சொன்னேன். கண்ணுல பூவ வச்சுட்டுப் படுத்துருவோம்லேன்னேன். சிரிச்சானுவ. ஒன்னய அங்கயும் ஒருத்தரும் சேக்கலியாலேன்னானுவ. மறுநா மாத்திச் சொன்னேன். காப்பி வாங்கிக் குடுத்தானுவ."

"அதுக்கு எங்கம்மா பேருதான் கெடச்சுதா?"

"தெரியாத பொம்பள பேரச் சொன்னா கத நிக்காதுல்லா. உங்கம்மைய எல்லாரும் ஆத்தங்கரையில பாத்திருக்கானுவ."

குழம்புக்கு உப்புப் புளி போடுகிற மாதிரி சொல்கிறார். அவள் எழுந்து நின்றாள்.

"ஞாயித்துக்கெழம மேடையில இத நீங்க சொல்லணும். சும்மா பொய்யின்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாவ. வெயிலு, கண்ணாடி, பூவு, எல்லாத்தையும் சொல்லணும். எங்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லணும்."

"இந்தக் கதையும் போச்சுன்னா எனக்கு என்ன தாயி இருக்கு? காக்கா வெரட்டுத சோலிதான்."

"எங்கம்மாவுக்கு என்ன இருந்துது?"

அவர் கம்பைக் கீழே வைத்தார். பிறகு பாபநாச நாதர் மேல் ஆணையாகச் சொல்கிறேன் என்றார். சொன்னபோது கண் கலங்கியிருந்தது. அவள் நம்பினாள்.

அடுத்த வீட்டுச் சண்முகசுந்தரியையும் அவள் புருஷனையும் விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டில் பல வருஷப் பழக்கம். தினமும் விடிகாலையில் கொல்லைப்புறமாக வந்து, சிவ பூஜைக்கு அந்தச் செடியிலிருந்துதான் குடலை நிறையப் பூப் பறித்துக்கொண்டு போவாள் சுந்தரி. அவள் காதிலும் இது விழட்டும் என்று ஞானம்பாளுக்கு ஆசை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள்.

ஜங்ஷனில் ஒரு கல்யாண மண்டபம். காலையிலேயே கூட்டம் நிரம்பி வாசல்வரை நின்றது. வக்கீல்கள், கல்லூரி வாத்தியார்கள், பஜார் வியாபாரிகள், எல்லோரும் குடும்பத்தோடு. குத்துவிளக்கு ஏற்றினார்கள். சாதனை, சிகரம், சகாப்தம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஞானம்பாளுக்குச் சால்வை போர்த்தி மேடையிலேயே உட்கார வைத்தார்கள். அப்புறம் அண்ணாச்சியை மைக்குக்கு அழைத்துவந்து நிறுத்தினார்கள். பட்டு ஜிப்பா, முகத்தில் பவுடர். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்வரிசையில் ஒருவன் விசில் அடித்தான்.

"இத்தன வருசமா நான் ஒரு கத சொல்லிக்கிட்டு வாரேன்" என்றார் அவர். "அது அம்புட்டும் பொய்யி. சித்ரலேகா எந்த மேசையிலயும் ஏறல. அந்தப் பங்களா வாசலக் கூட மிதிக்கல. நானும் உள்ள போனதில்ல. அந்தப் பிள்ள தங்கமான பிள்ள. நான்தான் இல்லாததச் சொல்லி அதும் பேரக் கெடுத்தேன்."

மண்டபம் அடங்கிவிட்டது. அத்தனை முகமும் ஞானம்பாள் பக்கம் திரும்பியது. அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். தன் ஆயுசிலேயே அவள் மனசார மகிழ்ந்திருந்தது அந்த ஒரு நிமிஷம்தான் என்று சொல்ல வேண்டும். முன்னறைக் கட்டிலில் கிடந்த அப்பாவைத் தட்டி எழுப்பி, கேட்டியளா என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

"அப்பம் ராத்திரியில நாங்க என்ன செஞ்சோம்? கேளுங்க" என்று தொடர்ந்தார் அவர். வெயிலைச் சொன்னார், கண்ணாடியைச் சொன்னார், எரிகிற கண்ணைச் சொன்னார். கூட்டத்தில் கொட்டாவி கிளம்பியது. ஒரு குழந்தை அழுதது. இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அண்ணாச்சி அதைப் பார்த்தார். நடிகனல்லவா, அதெல்லாம் கண்ணில் படாமல் இருக்குமா? கொஞ்சம் அவசரமாகவே, "பொழுது சாஞ்சா எல்லாரும் கம்பெனி வீட்டுக் கூடத்துல நந்தியாவட்டப் பூவ வச்சுக் கண்ணக் கட்டிக்கிட்டுப் படுத்துருவோம்" என்றார்.

"ஆம்பள பொம்பள எல்லாருமா அண்ணாச்சி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எல்லாரும்தான்."

"ஒரே கூடத்துலயா?"

"ஒரே கூடந்தான், ஆனா..."

"கண்ண வேற கட்டியாச்சு! பெறகென்ன வே!"

சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி முன்வரிசை வரைக்கும் வந்தது. வக்கீல் சிரித்தார். வக்கீலின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வெளியே போன இரண்டு பேரும் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள்.

"திரையச் சொல்லுங்க" என்றாள் ஞானம்பாள். அவள் முன்னால் மைக் இல்லை. "அண்ணாச்சி, நடுவுல சேல கட்டியிருந்ததச் சொல்லுங்க."

அவருக்குக் கேட்டது. திரும்பி அவளைப் பார்த்தார். கேட்டது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்தார். காப்பிக் கிளப்பில் அறுபது வருஷம் உட்கார்ந்தும் கிடைக்காத சிரிப்பு அது. ஒரு மண்டபமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் வெட்கம் வந்த மாதிரி ஒரு சிரிப்புப் படர்ந்தது. இமையைத் தாழ்த்திக்கொண்டார். அந்தக் காலத்தில் பேச்சில்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ஆள்.

"மத்ததையெல்லாம் டீச்சர மேடையில வச்சுக்கிட்டு நான் எப்பிடிச் சொல்லுவேன்?" என்றார்.

மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. யாரோ ஒருவன் ஓடிவந்து அவருக்கு மாலை போட்டான். குமரகுருபரன் மைக்கைப் பிடித்து, "சக கலைஞரின் மகள் மனம் நோகக் கூடாது என்பதற்காக, தம் வாழ்வின் பொன்னான நினைவுகளையே இல்லை என்று மறுத்த இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்!" என்று நா தழுதழுக்கச் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். ஆக, மேசையும் போகவில்லை. கூடத்தையும் சேர்த்துக்கொண்டாயிற்று.

எல்லாம் முடிந்து இறங்கும்போது குமரகுருபரன் அவளை அண்ணாச்சியிடம் அழைத்துப் போனார். "உங்க அம்மா பேரக் காப்பாத்தப் பாத்தாவளே டீச்சர். ஒரு வார்த்த நன்றி சொல்லிட்டுப் போங்க."

அண்ணாச்சி மாலையைக் கழற்றாமல் நின்றார். "கூட்டம் சிரிச்சுட்டுதே தாயி" என்றார் தாழ்ந்த குரலில். "நான் என்ன செய்யட்டும்?"

"ஒரு சேல" என்றாள் அவள். "ஒரே ஒரு சேலையச் சொல்லுததுக்கு ஒமக்கு வாய் வரல."

சால்வையை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போட்டுவிட்டு வந்தாள். அது தனக்கு இரண்டாவது மரியாதை என்று அவர் நினைத்திருப்பார். பஸ்ஸில் சண்முகசுந்தரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். சேரன்மாதேவி தாண்டி வயலெல்லாம் வந்தது. நாற்று நட்டிருந்தார்கள்.

மறுநாள் விடிந்தது. கொல்லைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு ஞானம்பாள் காத்திருந்தாள். சுந்தரி வரவில்லை. செடி முழுக்கப் பூ அப்படியே இருந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு, தானே பறித்து ஒரு கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

சுந்தரி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"இனிமே பூ வேண்டாம்க்கா. தப்பா நெனச்சுக்கிடாதிய. வீட்டுல அவிய சொல்லிட்டாவ. இந்தப் பூவ எப்பிடிச் சாமிக்கு வைக்கன்னு கேக்காவ. நான் பஜார்ல வாங்கிக்கிடுதேன்."

ஞானம்பாள் ஏன் என்று கேட்கவில்லை. சேலை கட்டியிருந்தார்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்தது அந்தச் சேலைக்கும் ஒரு கதை பிறக்கும். அதைக் கட்டினது யார், அவிழ்த்தது யார் என்று காப்பிக் கிளப்பில் ஒரு வருஷத்துக்குத் தாங்கும். அம்மா ஏன் கடைசிவரை வாயே திறக்கவில்லை என்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அம்மாவிடம் மிச்சமிருந்தது இந்தப் பூ ஒன்றுதான். கறைபடாமல் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பெற்ற மகளே அதை ஊருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"சரி சுந்தரி" என்றாள். கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்து கொல்லைக் கதவைச் சாத்தினாள்.